பூக்கட்டிப் பார்த்த வீடு

இரண்டு பொட்டலத்திலும் செவ்வரளியையே வைத்துக் கட்டினாள் கலாவதி. ஒன்றில் வெள்ளை, ஒன்றில் சிவப்பு என்பதுதான் முறை. வெள்ளை வந்தால் அம்மன் சரி என்கிறாள், சிவப்பு வந்தால் கூடாது என்கிறாள். முறையாவது மண்ணாவது! வாழையிலையைக் கிழித்து, பூவை வைத்து மடித்து, தறிக்குத் தார்க்குச்சியில் சுற்றி மிஞ்சிய பட்டு நூலால் வரிந்து கட்டினாள். நூலின் மிச்சம் இரண்டிலும் வால் மாதிரித் தொங்கியது. அதை நறுக்கக்கூடப் பொறுமை இல்லை அவளுக்கு.

வாசலில் தனசேகரன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். அண்ணன் குமாரசாமியின் மகன். காலையிலேயே பிள்ளையார்பாளையத்திலிருந்து செவிலிமேட்டுக்கு மிதித்து வந்திருந்தான். ராத்திரி தூங்கின முகமாக இல்லை.

"அத்தை, கெளம்பலாமா? லேட்டாச்சுன்னா..."

"லேட்டானா இன்னா? உங்கப்பன் எங்க போயிடப் போறான்? அதான் போவ மாட்டாம கெடக்கறான்னு நீயே சொன்னியே."

பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. அவன் பிறப்பதற்கு முந்தைய கதை இது. ஆனாலும் மூக்கும் முழியும் அப்படியே அண்ணனுடையது. அதைப் பார்த்தால் வாய் தானாக வெடுக்கென்று பேசியது.

வந்ததும் வராததுமாக அவன் சொன்னது இதுதான்: "நாலஞ்சு நாளா இழுத்துக்கினே இருக்குது அத்தை. டாக்டரு கைய விரிச்சுட்டாரு. சொந்தபந்தம் எல்லாரும் பால் ஊத்தியாச்சு. பொன்னு உரசி ஊத்தினாங்க, வாசல் மண்ணு கரைச்சு ஊத்தினாங்க. தறியில இருந்த ஜரிகைய தண்ணியில நனைச்சுக்கூட ஊத்திப் பாத்தாங்க. உசுரு அடங்கலை. கூடப் பொறந்தவ கையால ஒரு முழுங்கு உள்ள போனாத்தான் போவும்னு பரமசிவம் தாத்தா சொல்றாரு. அம்மா உன்ன கூட்டியாரச் சொல்லுச்சு."

கேட்டதும் கலாவதிக்கு நெஞ்சு குளிர்ந்தது. பொய் சொல்வானேன், குளிரத்தான் செய்தது. ஊரெல்லாம் ஊற்றிய பால் போதவில்லையாம். இவள் கை வேண்டுமாம். இத்தனை வருஷம் கழித்து அவன் உயிர் இவள் கைக்கு வந்திருக்கிறது! சட்டென்று கொடுத்துவிடுவாளா என்ன? "இரு, வரேன்" என்று சொல்லிவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு கொல்லை அரளியைப் பறிக்கப் போய்விட்டாள்.

"பின்னாடி உக்காரு அத்தை, மெதுவா மிதிக்கறேன்."

"கேரியர்ல உக்காந்துக்கினு போற வயசா எனக்கு? நட. நீயும் தள்ளிக்கினு வா."

வெயில் ஏறும் முன்பே வேகமாக நடந்தாள். மடியில் இரண்டு பொட்டலமும் இருந்தன. பின்னால் சைக்கிள் சங்கிலி கரகரத்துக்கொண்டே வந்தது.

அன்றைக்கும் இப்படித்தான் இரண்டு பொட்டலம். அப்பா செத்துப்போய், அண்ணன்தான் எல்லாம் என்று இருந்த காலம். செவிலிமேட்டிலிருந்து மயில்வாகனம் வீட்டார் பெண் கேட்டு வந்தார்கள். சொந்தத் தறி, சொந்த வீடு, நல்ல பேர். மாப்பிள்ளைக்கு மட்டும் லேசாக இருமல் என்று யாரோ காதில் போட்டார்கள். இவள் பயந்துபோய் அண்ணனிடம் சொன்னாள். அவன் சிரித்தான். "சொல்றதுக்கு நான் யாரு, நீ யாரு? அம்மனைக் கேப்போம். அவ சொன்னா சரின்னு விட்டுடணும்" என்றான்.

விட்டுத்தான் விட்டாள். தெருக்கோடி அம்மன் சந்நிதியில் கண்ணை மூடிக்கொண்டு, 'எந்தப் பூ வந்தாலும் சரி தாயே, நீ பார்த்துக்கொள்' என்று முழு மனசோடு கும்பிட்டாள். அப்படி அவள் அதற்கு முன்பும் கும்பிட்டதில்லை, அதற்குப் பிறகும் கும்பிட்டதில்லை. வெள்ளை நந்தியாவட்டை வந்தது. மற்ற பொட்டலத்தை வழக்கப்படி பிரிக்காமலே கோயில் கிணற்றில் போட்டார்கள். எடுக்காததைப் பிரித்துப் பார்ப்பது அம்மனையே சந்தேகப்படுவது மாதிரி. இவள் சிரித்த முகமாகக் கழுத்தை நீட்டினாள்.

புருஷன் இரண்டு மழைக்காலம் தாங்கவில்லை. இருமலில் ரத்தம் வந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயும் பிழைக்கவில்லை. பொட்டை அழித்து உட்கார்ந்தபோதுகூட, அம்மன் சொல்லித்தானே வந்தோம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். கருமாதி அன்று அண்ணி தில்லையம்மாள் இவளைக் கொல்லைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், காலைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

"ரெண்டுலயும் வெள்ளைதான் கலா. நான்தான் கட்டினேன். அவரு கட்டச் சொன்னாரு. நல்ல எடம், சிவப்பு வந்து கெட்டுடப் போவுதுன்னு பயந்தாரு. நோவு இவ்ளோ தூரம்னு சத்தியமா தெரியாது கலா."

அதோடு சரி. இவள் அந்த வீட்டு வாசற்படியை மிதிக்கவில்லை. தீபாவளிக்குப் போகவில்லை, தனசேகரனுக்குக் காது குத்தியபோது போகவில்லை. அண்ணன் எதிரே வந்தால் தெருவைத் தாண்டிப் போய்விடுவாள். தப்பு செய்தான், போகட்டும். அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டிருந்தால் என்றைக்காவது மன்னித்துத் தொலைத்திருப்பாள். பாவி, அம்மன் தலையில் அல்லவா போட்டான்! இவள் நம்பி ஒப்படைத்ததை நடுவில் புகுந்து திருடிக்கொண்டான். அதற்குப் பிறகு எதற்கு, யாரை நம்பிக் கை கூப்புவது?

இன்றைக்கு அவனுக்குச் சிவப்பு வரட்டும். அவன் காதில் விழ வேண்டும், அதுதான் முக்கியம். அம்மன் வேண்டாம் என்றுவிட்டாள் என்று கேட்டுக்கொண்டே கிடக்கட்டும். எவ்வளவு நாள் கிடக்கிறானோ கிடக்கட்டும்.

வீட்டு வாசலில் ஆம்பிளைகள் பீடி பிடித்துக்கொண்டு நின்றார்கள். இவளைக் கண்டதும் பீடியை மறைத்தார்கள். உள்ளே தறிக்கூடத்தில் இரண்டு தறியும் சும்மா கிடந்தன. ஒன்றில் மாம்பழ நிறப் புடவை பாதியில் நின்றிருந்தது. தறிக்கும் சுவருக்கும் நடுவில் பாயில் குமாரசாமி கிடந்தான். ஆளே இல்லை, எலும்பைத் துணியில் சுற்றி வைத்தாற்போல இருந்தது. மூச்சு மட்டும் புர்புர்ரென்று கேட்டது. கண் பாதி திறந்திருந்தது.

வலது கை மட்டும் சும்மா இல்லை. கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் போர்வை ஓரத்தைப் பிடித்து முறுக்கின, விட்டன, நகர்ந்து அடுத்ததைப் பிடித்து முறுக்கின.

"பாவு பிணைக்கறான்மா" என்றார் பரமசிவம். அப்பாவின் பங்காளி, தெருவுக்கே பெரியவர். "தறியில பழைய பாவு நூலு தீந்துபோனா புதுப் பாவோட ஒவ்வொரு இழையா சாம்பல் தொட்டு முறுக்கறதில்ல? அதேதான். ராப்பகலா கை ஓய மாட்டேங்குது. நீ வந்தியே, போதும். ஒரு முழுங்கு ஊத்தி அனுப்பிவை தாயி."

தில்லையம்மாள் பால் டம்ளரும் சின்னக் கரண்டியுமாக வந்தாள். தலை நரைத்திருந்தது. "வா கலா" என்று டம்ளரை நீட்டினாள்.

கலாவதி டம்ளரை வாங்கவில்லை. அவனுக்குக் கேட்க வேண்டுமென்றே உரக்கச் சொன்னாள்:

"இரு அண்ணி. ஊத்தறதா வேணாமான்னு சொல்றதுக்கு நான் யாரு? அம்மனைக் கேப்போம். பூக்கட்டிக்கினு வந்திருக்கறேன்."

தில்லையம்மாள் நீட்டிய டம்ளரைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"இன்னாம்மா இது, சாவக் கெடக்கறவனுக்குப் பூக்கட்டிப் பாக்கறதா? எங்கனாச்சும் உண்டா?" என்றார் பரமசிவம்.

"என் கல்யாணத்துக்குப் பாத்தீங்களே பெரியப்பா. அப்பவும் ஒரு உசுரு நடுவுல நின்னுச்சு. அதுக்கு முறை உண்டு, இதுக்கு இல்லியா?"

அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

காமாட்சி விளக்கை ஏற்றினார்கள். கலாவதி பொட்டலங்களை விளக்கின் முன்னால் வைத்து ஒரு பேச்சுக்குக் கும்பிட்டாள். மனசில் ஒரு வார்த்தையும் இல்லை. எதிரே நின்ற தில்லையம்மாளின் கண் பொட்டலங்கள் மேலேயே இருந்தது.

"நீயேவா கட்டின கலா?"

"ஆமா. ஏன், நானே கட்டக் கூடாதா? இல்ல, நீ வந்து கட்டித் தரியா?"

அண்ணி பொட்டலங்களை விட்டுக் கண்ணை எடுத்துப் பாயைப் பார்த்தாள்.

"எடுக்கறதுக்கு யாராச்சும் கொழந்தைய கூப்புடுங்க" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

"கொழந்த எதுக்கு? அண்ணனே எடுக்கட்டும். அவனுக்குத்தானே கேக்கறோம்."

பாயருகில் உட்கார்ந்து, இரண்டு பொட்டலங்களையும் அவன் கைப்பக்கம் வைத்தாள். இவ்வளவு கிட்டத்தில் அவன் முகத்தைப் பார்த்து எத்தனை காலமாயிற்று! பரிதாபம் வருமோ என்று பயந்தாள். வரவில்லை. நல்லவேளை என்று நினைத்துக்கொண்டாள்.

"அண்ணா, கலாவதி வந்திருக்கறேன். ரெண்டு பொட்டலம் இருக்குது. வெள்ளை வந்தா என் கையால பாலு. சிவப்பு வந்தா நான் எழுந்து போயிடுவேன். எடு ஒண்ண."

அரைக்கண் அவள் பக்கம் திரும்பியதா, திரும்பினது மாதிரி இருந்ததா, தெரியவில்லை. விரல்கள் போர்வையை விட்டுத் தடவின. தொங்கிக்கொண்டிருந்த பட்டு நூல் தட்டுப்பட்டது. பிடித்துக்கொண்டன. பக்கத்துப் பொட்டலத்து நூலையும் தேடிப் பிடித்தன. இரண்டையும் சேர்த்து வைத்து முறுக்கின. முறுக்கி இழுத்தபோது இரண்டு பொட்டலமும் ஒன்றாக அசைந்து வந்தன.

"யப்பா, ரெண்டையும் எடுத்துட்டான்பா!"

"இன்னா அர்த்தம் இதுக்கு?"

"அர்த்தம் இன்னா அர்த்தம், பிரிச்சுப் பாரு" என்று பரமசிவம் குனிந்து ஒரு பொட்டலத்தைப் பிரித்தார். வாழையிலை மடிப்பு விரிந்தது. உள்ளே செவ்வரளி கொத்தாகச் சிவந்து கிடந்தது.

"சிவப்பு" என்றாள் ஒரு பெண்பிள்ளை. இன்னொருத்தி "அய்யோ" என்று வாயில் அடித்துக்கொண்டாள். தனசேகரன் தறிக் கட்டையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நின்றான்.

கலாவதி குனிந்து அண்ணன் காதோடு வாயை வைத்தாள். இத்தனை வருஷமும் இந்த ஒரு நிமிஷத்துக்காகவே இருந்தது போல இருந்தது.

"கேட்டுச்சாண்ணா? சிவப்பு. அம்மன் வேணாங்கறா."

அவன் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. மூச்சு அதே புர்புர். விரல்கள் போர்வைக்குத் திரும்பிப் போய் அடுத்த இழையைப் பிடித்து முறுக்கின. கேட்டதா இல்லையா? அதைக்கூடவா சொல்லித் தொலைக்க மாட்டான்! அவளுக்கு அவனைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது.

"இரும்மா இரு, அவசரப்படாத" என்றார் பரமசிவம். அவர் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. "ரெண்டையும்தானே எடுத்தான்? இது சிவப்புன்னா அது வெள்ளை. வெள்ளையும் சேந்துதான் வந்திருக்குது. பால் ஊத்தலாம்னுதான் அம்மன் சொல்றா. அதையும் பிரிச்சுக் காட்டிடறேன்."

கலாவதி இதை நினைக்கவே இல்லை. தெருவே கூடி நிற்கிறது. பிரித்தால் அதிலும் சிவப்பு. சாகக் கிடக்கும் கூடப்பிறந்தவனுக்கு அம்மன் பேரைச் சொல்லி ஏமாற்றினவள் என்று காலத்துக்கும் காறித் துப்புவார்கள்.

பரமசிவத்தின் கையிலிருந்து பொட்டலத்தை வெடுக்கென்று பிடுங்கினாள் தில்லையம்மாள்.

"வேணாம் மாமா. மொதல்ல பிரிச்சது எதுவோ அதுதான் பதிலு. மத்தத பிரிக்கக் கூடாது."

"அடியே, உன் புருஷனுக்குத்தானேடி பேசறேன்!"

"தெரியுது மாமா. சாமி சொல்லிடுச்சு. நான் ஏத்துக்கறேன். கெடக்கற வரைக்கும் கெடக்கட்டும், நான் பாத்துக்கறேன்."

டம்ளரைப் பாயருகில் வைத்துவிட்டு, பொட்டலத்தை முந்தானையில் பொத்திக்கொண்டு கொல்லைப் பக்கம் போனாள். கலாவதியும் பின்னாலேயே போனாள். எதற்குப் போகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

கிணற்றுக்குள் பொட்டலம் விழுந்த சத்தம் சின்னதாகக் கேட்டது. தில்லையம்மாள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளேயே பார்த்தாள்.

"உனக்கு எப்படி..." என்று ஆரம்பித்தாள் கலாவதி.

"நான் ஒரு வாட்டி கட்டினவதானே. எனக்குத் தெரியாதா?" குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது கலாவதிக்கு. "அன்னிலேருந்து உங்கண்ணன் எதுக்கும் பூக்கட்டிப் பாத்ததில்ல, தெரியுமா? சேகரு டைபாய்டுல கெடந்தப்ப, கோயிலுக்குப் போயி கேட்டுக்கினு வாய்யான்னு கெஞ்சினேன். கேக்கறதுக்கு எனக்கு மூஞ்சி ஏதுடின்னு வாசல்லயே உக்காந்துட்டாரு. நல்லது வந்தாலும் பயந்துக்கினே இருப்பாரு, கெட்டது வந்தாலும் பயந்துக்கினே இருப்பாரு. இதோட குடுத்தனம் பண்ணினேன் நான்."

"அதுக்கு நான் இன்னா பண்ணணும்ன்ற? பாவம்னு உருகணுமா?"

"நீ ஒண்ணும் பண்ண வாணாம். ஒண்ணு கேக்கறேன், பதில் சொல்லு. ஒழுங்கா ஒண்ணுல வெள்ளை வச்சுக் கட்டியிருந்தா, பாதிக்குப் பாதி சிவப்பும் வந்திருக்கலாமில்ல? அதுக்குக்கூட உனக்கு மனசு வரலியே. அன்னிக்கு அவரு சிவப்புக்குப் பயந்தாரு. இன்னிக்கு நீ வெள்ளைக்குப் பயந்துட்ட."

கலாவதிக்குக் காது இரண்டும் சுட்டது. "அவனையும் என்னையும் ஒண்ணா சேக்காத" என்றாள். "தாலி அறுத்தது நானு. நீ இல்ல."

"ஆமா. நாளைக்கு நானும் அறுக்கணும்" என்று தில்லையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

கலாவதி கிணற்றடியிலேயே நின்றாள். ஒரு வாளித் தண்ணீர் இறைத்து முகத்தில் அடித்துக்கொண்டாள். எரிச்சல் அடங்கவில்லை. இவள் யார் எனக்குச் சொல்வதற்கு? பொட்டலம் கட்டின கை! ஆனாலும் காட்டிக்கொடுக்காமல் விட்டாளே, அதுதான் உறுத்தியது. ஊற்றுவதென்றால் ஊற்றலாம். சாமி பேர் இல்லாமல், தானாக, தன் கையால். ஆனால் இப்போது இல்லை. அண்ணி சொன்னவுடனே ஓடிப்போய் ஊற்றினதாக ஆகிவிடும். சாயந்திரம் வரைக்கும் கிடக்கட்டும். இல்லாவிட்டால் வீட்டுக்குப் போய்விட்டு நாளைக்கு வரலாம். இத்தனை நாள் கிடந்தவனுக்கு ஒரு நாள் கூடக் கிடக்க முடியாதா? தன் கை படாமல் அவன் எங்கே போய்விடப் போகிறான்?

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோது உள்ளே தனசேகரன் "அப்பா!" என்று கத்தினான்.

அவள் கூடத்துக்கு வந்தபோது ஆள்கள் விலகி வழிவிட்டார்கள். விரல்கள் போர்வை மேல் அப்படியே நின்றிருந்தன. புர்புர் சத்தம் இல்லை. தறிக்கூடம் வெறிச்சென்று இருந்தது.

"எப்பன்னே தெரியலம்மா" என்றார் பரமசிவம். "பூவைப் பத்திப் பேசிக்கினு இருந்தோம். ஒருத்தரும் கவனிக்கல. திரும்பிப் பாத்தா அடங்கிப்போச்சு. பாலும் வாணாம், ஒண்ணும் வாணாம்னு அவன் பாட்டுக்குப் போயிட்டான்."

அவன் பாட்டுக்கா? இவள் கையில் அல்லவா இருந்தது அந்த உயிர்? ஊரே வந்து அப்படித்தானே சொன்னது? வழியெல்லாம் அதைத்தானே மடியில் கட்டிக்கொண்டு வந்தாள்?

"என்னைக் கேக்காம எப்படிடா போவ!" என்று கத்தினாள். "நான் இங்க நிக்கறேன், என்னைக் கேக்காம எப்படிப் போன நீ!"

ஆத்திரத்தில் கத்தினாள். ஒப்பாரி என்று நினைத்துக்கொண்டு பெண்கள் கூடச் சேர்ந்து அழத் தொடங்கினார்கள். ஒருத்தி வந்து இவள் தோளைக் கட்டிக்கொண்டாள். இவள் அவளை உதறிவிட்டுப் பாயருகில் உட்கார்ந்தாள்.

டம்ளர் வைத்த இடத்திலேயே இருந்தது. பால் ஆறி ஆடை படிந்திருந்தது. கரண்டியால் ஆடையை ஒதுக்கினாள்.

"இனிமே இன்னாத்துக்கும்மா அது?" என்றார் பரமசிவம்.

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவன் உதட்டைக் கட்டை விரலால் விலக்கி, ஒரு கரண்டி ஊற்றினாள். பால் உள்ளே போகாமல் சற்று நேரம் வாயில் நின்றது. பிறகு கடைவாயில் வழிந்து கழுத்துக்கு ஓடியது. முந்தானை நுனியால் அதைத் துடைத்தாள்.

தில்லையம்மாள் அந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, அவன் தலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தாள்.

கலாவதி இன்னொரு கரண்டி எடுத்தாள்.